கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரித் தொகுதியும் பழைய நாகர்கோவில் தொகுதியும் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் முழுக்க அல்ல. 2004 தேர்தல் வரை தொகுதியின் பெயர் நாகர்கோவில். அதில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அதில் கிடையாது. அது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியோடு சேர்ந்திருந்தது. அதனால் குமரிமுனையில் குடியிருப்பவர் வேலைக்கும் பள்ளிக்கும் நாகர்கோவிலுக்கு வந்து போனாலும், எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது மட்டும் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களோடு சேர்ந்து என்ற நிலை இருந்தது.

தொகுதி மறுசீரமைப்பு இதைச் சரிசெய்தது. திருவட்டாறு நீக்கப்பட்டு, கன்னியாகுமரி சேர்க்கப்பட்டு, 2009 முதல் மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதி ஆனது. தமிழ்நாட்டுத் தொகுதிப் பட்டியலில் கடைசி எண்ணான 39 இதற்குத்தான். கீழே "குமரி" என்று சொல்லும்போதெல்லாம் பழைய நாகர்கோவிலையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் தேர்தலில் இங்கே வென்றது யார்?

அ. நேசமணி. மார்ஷல் நேசமணி என்றும் குமரித் தந்தை என்றும் இன்றும் மக்கள் சொல்லும் அதே வழக்கறிஞர்தான். ஆனால் 1951-52இல் அவர் நின்றது காங்கிரஸ் வேட்பாளராக அல்ல. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளராக. அப்போது இந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழர்கள் அதிகம் வாழும் தென் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பதே அந்தக் கட்சியின் ஒரே பெரிய கோரிக்கை. ஆக, குமரி தன் முதல் எம்.பி.யை டெல்லிக்கு அனுப்பியதே "எங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேருங்கள்" என்று சொல்லத்தான்.

இதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்போது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

இணைப்புக்குப் பிறகு தொகுதி யார் கையில் இருந்தது?

காங்கிரஸ் கையில். 1957இல் பி. தாணுலிங்க நாடார் வென்றார். இவர் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானவர். குமரி அரசியல் பின்னால் எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கிறவர்கள் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். 1962இலும் 1967இலும் நேசமணி, இந்த முறை காங்கிரஸ் வேட்பாளராக.

1967 வெற்றியைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியே கவிழ்ந்த ஆண்டு அது. 39 மக்களவை இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 3 மட்டும். அதில் ஒன்று நாகர்கோவில்.

விருதுநகர்க்காரரான காமராஜர் ஏன் நாகர்கோவிலில் நின்றார்?

இந்தத் தொகுதியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்.

1967 சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த தி.மு.க.வின் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர், நாட்டுக்கு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாமல் நின்றார். 1968 ஜூன் மாதம் நேசமணி மறைந்தார். காலியான நாகர்கோவிலுக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது.

ஆளுங்கட்சியான தி.மு.க. நேரடியாக நிற்கவில்லை. சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாசை நிறுத்தி, அவருக்காகத் தன் முழு பலத்தையும் இறக்கியது. தி.மு.க.வுக்கு அது அலை ஓயாத காலம். ஆனாலும் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். விருதுநகரில் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தியது நாகர்கோவில் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வதில் மிகை இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் உடைந்தது. காமராஜர், இந்திரா காந்தியை எதிர்த்த பிரிவான ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1969இல் அவருக்காக இரட்டைக் காளைக்கு ஓட்டுப் போட்ட அதே வாக்காளர், 1971இல் இராட்டை சுற்றும் பெண்ணைத் தேட வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத பலருக்குச் சின்னம்தான் கட்சி என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்கள். அந்தத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் இருந்த அணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38ஐ அள்ளியது. மிச்சம் இருந்த ஒன்று காமராஜருடையது. 1975 அக்டோபர் 2 அன்று மறையும்வரை அவர் நாகர்கோவில் எம்.பி.தான்.

தமிழ்நாடு ஒரு பக்கம் போனால் குமரி மறுபக்கம் போகும் என்கிறார்களே, உண்மையா?

எப்போதும் அல்ல. ஆனால் இந்தப் பேச்சு சும்மா வந்ததும் அல்ல. 1967, 1971 பற்றி மேலே சொன்னேன். 1977இல் அ.தி.மு.க.-காங்கிரஸ் அணி மாநிலத்தில் மிகப் பெரும்பாலான இடங்களைப் பிடித்தபோது, எதிரணியில் ஸ்தாபன காங்கிரசின் குமரி அனந்தன் இங்கே வென்றார். நாடாளுமன்றத்தில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடிப் பெற்றவர் அவர். 1998இல் அ.தி.மு.க.-பா.ஜ.க. அணி 30 இடங்களை வென்றபோது இங்கே வென்றது தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.). 2014இல் ஜெயலலிதாவின் அ.தி.மு.க. தனியாக நின்று 37 இடங்களை வென்றபோது, அவருக்குக் கிடைக்காத இரண்டில் ஒன்று கன்னியாகுமரி, மற்றொன்று தருமபுரி.

மறுபக்கமும் உண்டு. 1984, 1989, 1991, 1996, 2004, 2019 என்று மாநிலத்தோடு சேர்ந்து போன தேர்தல்களே எண்ணிக்கையில் அதிகம்.

திராவிடக் கட்சிகள் இங்கே ஏன் வலுவாக இல்லை?

அ.தி.மு.க. இந்த மக்களவைத் தொகுதியில் இன்றுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. தி.மு.க. வென்றது ஒரே ஒரு முறை: 2009இல் ஜெ. ஹெலன் டேவிட்சன், 65,687 வாக்கு வித்தியாசத்தில். குமரியிலிருந்து மக்களவைக்குப் போன முதல் பெண்ணும் அவர்தான்.

இதற்குப் பலர் மதக் கணக்கை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மூல காரணம் வரலாற்றில் இருக்கிறது. நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம், தி.மு.க. என்று சென்னை மாகாணத்தில் அரசியல் வளர்ந்த காலத்தில் குமரி மன்னராட்சியின் கீழ், திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மோதிய சக்திகள் வேறு: திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ், கம்யூனிஸ்டுகள், நேசமணியின் கட்சி. மற்ற மாவட்டங்களில் தமிழ் உணர்வைத் தூக்கிப் பிடித்தது தி.மு.க. இங்கே அந்த உணர்வுக்காக அடிபட்டவர்களும் உயிர் விட்டவர்களும் நேசமணியின் கட்சிக்காரர்கள். அந்தக் கட்சி இணைப்புக்குப் பிறகு காங்கிரசில் கரைந்தது. தமிழ் உணர்வும் காங்கிரசும் எதிரெதிராக நிற்காத மாவட்டம் இது. அப்புறம் காமராஜரும் வந்து சேர்ந்தபோது காங்கிரஸ் பாசம் கெட்டியாகிவிட்டது.

அதிக முறை வென்றவர் யார்?

என். டென்னிஸ். 1980, 1984, 1989, 1991 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பிலும், 1996, 1998 தேர்தல்களில் மூப்பனாரின் த.மா.கா. சார்பிலும், தொடர்ச்சியாக ஆறு முறை. கை சின்னத்திலிருந்து சைக்கிளுக்கு மாறியும் தொகுதி அவரை விடவில்லை.

பா.ஜ.க. இங்கே எப்படி வேரூன்றியது?

1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடையின்போது மூண்ட மோதலும் துப்பாக்கிச்சூடும் பற்றிப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதுவரை கோயில் திருவிழாவுக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் மாறி மாறிப் போய்வந்த ஊர்களுக்கு இடையே அது ஒரு கோடு கிழித்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து கடற்கரைக் கிராமங்களுக்குப் போய் அமைதிக்கு முயன்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. மோதல் அடங்கியது, அரசியல் அடங்கவில்லை. இந்து அமைப்புகள் ஊர் ஊராகக் கிளை கட்டின. 1996இல் பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் வென்று, தமிழ்நாடு சட்டமன்றத்தில் பா.ஜ.க.வின் முதல் உறுப்பினர் ஆனார்.

மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சியின் முகம் பொன். இராதாகிருஷ்ணன். 1991 முதல் 2024 வரை பத்து முறை இங்கே நின்று, 1999இலும் 2014இலும் வென்றார். வாஜ்பாய் அரசிலும் மோடி அரசிலும் இணையமைச்சராக இருந்தார். அவரை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு: தோற்றாலும் தொகுதியை விட்டுப் போகாதவர்.

1998இல் தோற்ற பா.ஜ.க. அடுத்த ஆண்டே வென்றது எப்படி?

கூட்டணி மாறியது. 1998இல் பா.ஜ.க. அ.தி.மு.க.வோடு இருந்தது, எதிரே தி.மு.க.-த.மா.கா. சேர்ந்திருந்தன. 1999இல் தி.மு.க. பா.ஜ.க. பக்கம் வந்தது. காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு போக, த.மா.கா. தனி அணி கண்டது. அதாவது, காங்கிரஸ் பாரம்பரியத்தில் வந்தவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். குமரியில் காங்கிரஸ்காரர்கள் பிரிந்தால் தாமரைக்குத்தான் வழி.

2004இல் மார்க்சிஸ்ட் கட்சி வென்றதா?

ஆம். தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் ஒரே அணியில் இருந்தார்கள். தொகுதி மார்க்சிஸ்ட்டுக்கு ஒதுக்கப்பட்டது. ஏ.வி. பெல்லார்மின் 4.10 லட்சம் வாக்குகள் பெற்றார், பொன். இராதாகிருஷ்ணன் 2.45 லட்சம். கேரளத்தை ஒட்டிய மேற்குப் பகுதியில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களும் முந்திரி ஆலைப் பெண்களும் இருக்கும் ஊர்களில், அந்தக் கட்சிக்கு முன்பிருந்தே சங்கங்கள் உண்டு.

2014இல் பா.ஜ.க. பெற்ற வெற்றி மோடி அலையா, கணக்கா?

இரண்டும்தான். ஆனால் கணக்கைப் பார்க்காமல் அலை என்று சொல்லிவிடுபவர்களுக்கு அடுத்து வந்த தேர்தல் புரியாது. அதனால் எண்களைச் சொல்கிறேன்.

அந்தத் தேர்தலில் ஐந்து பெரிய வேட்பாளர்கள். பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906. காங்கிரசின் எச். வசந்தகுமார் 2,44,244. அ.தி.மு.க.வுக்குச் சுமார் 1.76 லட்சம், தி.மு.க.வுக்குச் சுமார் 1.18 லட்சம், மார்க்சிஸ்ட்டுக்குச் சுமார் 35 ஆயிரம். வித்தியாசம் 1,28,662.

இப்போது காங்கிரசையும் தி.மு.க.வையும் மட்டும் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 3.62 லட்சம். பா.ஜ.க.வைவிடப் பத்தாயிரம் குறைவு. மார்க்சிஸ்ட்டையும் சேர்த்தால் 3.97 லட்சம், தாமரை பின்னுக்குப் போகிறது. முந்தைய தேர்தலில் 2.54 லட்சமாக இருந்த பா.ஜ.க. வாக்கு 3.72 லட்சத்துக்கு ஏறியது உண்மையான வளர்ச்சி. அந்த வளர்ச்சியை வெற்றியாக்கியது எதிரே நான்கு பேர் நின்றது.

2019இல் அவ்வளவு பெரிய தோல்வி ஏன்?

இந்தத் தொகுதியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எண்தான் வேண்டும் என்றால் இதைத் தருவேன்: 2019இல் பொன். இராதாகிருஷ்ணன் பெற்ற வாக்கு 3,67,302. வெற்றி பெற்ற 2014ஐவிட வெறும் ஐந்தாயிரத்துச் சொச்சம்தான் குறைவு. ஆனால் தோற்றது 2,59,933 வாக்கில். வசந்தகுமார் 6,27,235 வாக்குகள் வாங்கியிருந்தார்.

பா.ஜ.க.வின் வாக்கு பெரிதாகக் கரையவில்லை, எதிர்த்தரப்பு ஒன்றுகூடிவிட்டது. காங்கிரஸ், தி.மு.க., இடதுசாரிகள் ஒரே மேடையில். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2014இல் அ.தி.மு.க. தனியாக வாங்கியது 1.76 லட்சம், 2019இல் அதே அ.தி.மு.க. பா.ஜ.க. கூட்டணியில். ஆனாலும் தாமரையின் கணக்கு ஏறவில்லை. கட்சிகள் கைகோத்தாலும், அந்த வாக்காளர்களில் பெரும்பகுதி கூடவே போகவில்லை என்பதுதான் எனக்குப் புரிகிற பொருள்.

கடற்கரையின் கோபமும் சேர்ந்திருந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கடலில் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள். புயல் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தேடுதல் தாமதம் என்று கொதித்த மக்கள் டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிரான போராட்டம் அதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டம் மேம்பாலமும் பார்வதிபுரம் மேம்பாலமும் பா.ஜ.க. எம்.பி. காலத்தில் வந்தவை, அவற்றின் நன்மை நகரத்துக்குத் தெரிந்தது. பிள்ளையைக் கடலில் தொலைத்த வீட்டுக்கு மேம்பாலம் பதில் ஆகாது.

2021இல் ஏன் இடைத்தேர்தல்?

வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா தொற்றுச் சிகிச்சையில் இருந்தபோது மறைந்தார். 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. அவருடைய மகன் விஜய் வசந்த் 5,76,037 வாக்குகளும் பொன். இராதாகிருஷ்ணன் 4,38,087 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 1,37,950.

அன்று குமரி வாக்காளர் ஒவ்வொருவரும் இரண்டு ஓட்டுப் போட்டார்கள்: ஒன்று எம்.எல்.ஏ.வுக்கு, ஒன்று எம்.பி.க்கு. ஒரே நாளில் குமரி கொடுத்த முடிவைப் பாருங்கள். மக்களவைக்குக் காங்கிரஸ். சட்டமன்றத்துக்கு நாகர்கோவிலில் பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்தி, கன்னியாகுமரியில் அ.தி.மு.க.வின் தளவாய் சுந்தரம், பத்மநாபபுரத்தில் தி.மு.க.வின் மனோ தங்கராஜ், குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூரில் காங்கிரஸ். ஆறு தொகுதிக்குள் நான்கு கட்சிகள்.

2024 முடிவு என்ன?

விஜய் வசந்த் 5,46,248. பொன். இராதாகிருஷ்ணன் 3,66,341. வித்தியாசம் 1,79,907. இந்த முறை அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு இல்லை, தனி அணியாக நின்று, நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால் நான்காம் இடத்துக்குப் போனது.

2014இல் 3.72, 2019இல் 3.67, 2024இல் 3.66 லட்சம். நடுவே சட்டமன்றத் தேர்தலோடு வந்த இடைத்தேர்தலில் மட்டும் 4.38. பத்தாண்டுகளில் மூன்று பொதுத் தேர்தல், மூன்றிலும் தாமரைக்கு ஏறத்தாழ அதே வாக்கு. கூட்டணி மாறினாலும் எம்.பி. மாறினாலும் அந்தக் கோடு அசையவில்லை. எனவே குமரியில் யார் வெல்வார் என்று என்னிடம் கேட்டால், எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

ஒரே குடும்பத்திலிருந்து மூன்று எம்.பி.க்களா?

ஆம். 1977இல் வென்ற குமரி அனந்தனின் தம்பிதான் வசந்தகுமார், அகஸ்தீஸ்வரத்துக்காரர்கள். வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த். குமரி அனந்தனின் மகள் தமிழிசை சௌந்தரராஜன் தமிழக பா.ஜ.க.வின் தலைவராக இருந்தவர். ஒரே வீட்டில் கையும் தாமரையும் இருப்பது குமரியில் புதுமை இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இங்கே மதம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல், கிறிஸ்தவர்கள் 46 சதவீதத்துக்கும் மேல், முஸ்லிம்கள் 4 சதவீதம். இந்த எண்களை வைத்தே தொலைக்காட்சிகள் தேர்தல் கணக்குப் போட்டுவிடுகின்றன. மதம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மண்டைக்காட்டுக்குப் பிறகு அப்படிச் சொல்வது பொய். ஆனால் முழுக்க மதம்தான் என்றால், மேலே சொன்ன 2021 முடிவு வந்திருக்காது. தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிக அதிகமான மாவட்டம் இது. கடலோரம் கேட்பது ஒன்று, ரப்பர் விவசாயி கேட்பது ஒன்று, நாஞ்சில் நாட்டு நெல் விவசாயி கேட்பது இன்னொன்று.

எல்லாரும் சேர்ந்து கேட்பவையும் உண்டு. அதில் பழையது ரயில். நாகர்கோவில் சந்திப்பு தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ்தான் இருக்கிறது. மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் பிரசாரத்தில் பேசியாயிற்று. 1956இல் தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. ரயில் நிர்வாகம் இன்னும் அந்தப் பக்கம். அடுத்த முறை வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வந்தால், கட்சி எதுவானாலும், இதைக் கேளுங்கள்.